கடல் கடந்த பாட்டனின் ஊர்

சேலம், நாமக்கல் சமவெளியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கத்தோலிக்கக் குடும்பங்களுள், கடல் கடந்து போன ஒருவரைப் பற்றிய பேச்சு அறவே இல்லாத குடும்பம் அரிது. “அப்பாயியின் அண்ணன் கண்டிச் சீமைக்குப் போனார், திரும்பவில்லை” என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். “பாட்டனோடு பிறந்த ஒருவர் நெட்டாலுக்குக் கப்பலேறினாராம்” என்று மற்றொரு வீட்டில் சொல்வார்கள். அதற்குமேல் பேச்சு வளர்வதில்லை. போனவரின் பெயர்கூடப் பல வீடுகளில் நினைவில் இல்லை. ஆனால் போனவருடைய சந்ததியார் மறந்தாரில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் தம் முன்னோர் புறப்பட்ட ஊரைத் தேடிக்கொண்டு நம் பங்குகளுக்கு வருகின்றனர்.

வருவோர் இரு வகையினர். ஒரு சாரார் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் வருவோர். கையில் பழைய பதிவு ஒன்றின் நகல் இருக்கும், நாவில் தமிழ் இராது. மற்றொரு சாரார் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களும்; நாவில் தமிழ் நிறைந்திருக்கும், கையில் காகிதம் இராது. முன்னவர் தேடுவது மனநிறைவுக்காக. பின்னவருள் சிலர் தேடுவதோ வாழ்வுரிமைக்காக. இரு சாராரும் இறுதியில் வந்து தட்டுவது பங்குக் குருவின் இல்லக் கதவையே. அவ்வாறு வருவோருக்கும், அவர்களை ஊர் எல்லையில் எதிர்கொள்ளும் நம் பங்கு மக்களுக்கும் பயன்படுமென்று கருதி, பழைய பதிவேடுகளோடு பழகியதால் நாம் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

முடிவில்லாத வம்ச அட்டவணைகளில் காலம் போக்குவதைப் புனித சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கண்டிக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை. குலப்பெருமை பேசுவதற்காகப் பாட்டன் பூட்டனைத் தேடுவோரை நாமும் ஊக்குவிப்பதில்லை. எனினும் புனித மத்தேயு தம் நற்செய்தியை ஆண்டவரின் தலைமுறை அட்டவணையோடுதான் தொடங்குகிறார். அரசர்களின் பெயர்களோடு, மோவாபு நாட்டிலிருந்து கைம்பெண்ணாய் மாமியாரைப் பின்தொடர்ந்து பெத்லகேமுக்கு வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை. பிழைப்புத் தேடி எல்லை கடந்தவள் ஒருத்தி அந்த வரிசையில் நிற்கிறாள்.

பஞ்சமும் பயணமும்

நம் பகுதியினர் கடல் கடந்ததற்குக் காரணம் பல. அவற்றுள் முதன்மையானது பசி. முதியோர் வாயில் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று இன்றும் வழங்கும் 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம், சென்னை மாகாணத்தில் மிகக் கொடுமையாக வாட்டிய மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1881இல் எண்ணியபோது 16 இலட்சமே எஞ்சியிருந்தனர். பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை பத்தே ஆண்டில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அவருள் பெரும்பாலோர் மடிந்தனர், சிலர் போயினர். இருப்புப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்டமையால், சென்னைத் துறைமுகம் நடந்தே தீர வேண்டிய தொலைவாக இருக்கவில்லை.

கப்பல்கள் காத்திருந்தன. மொரீசியசுக்கு 1834 முதலே ஒப்பந்தக் கூலிகள் சென்றுகொண்டிருந்தனர். நெட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு முதன்முதலாகச் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பலில் கிறிஸ்தவரும் இருந்தனர். 1866இல் நின்றுபோன அப்பயணம் 1874இல் மீண்டும் தொடங்கியது. இரண்டே ஆண்டில் இங்கே பஞ்சம் வந்தது. 1911இல் முற்றாக நிறுத்தப்படும் வரை நெட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். இவை தவிர, புதுவை, காரைக்கால் துறைகளின் வழியே ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றோர் உண்டு. 1903க்குப் பின்னர் சென்னையிலிருந்து பிஜிக்குச் சென்றோரும் உண்டு. இவையனைத்தினும் மிகுதியாக நம் மக்கள் சென்றது இலங்கைக்கே. அதைப் பின்னர்க் காண்போம்.

காகிதம் சொல்வதும் சொல்லாததும்

ஒப்பந்தக் கூலி முறை கொடியது. அதன் கொடுமையை இங்கே விரித்துரைக்கப் புகவில்லை. ஆனால் அக்கொடுமையிலும் ஒரு விந்தை உண்டு. அடிமைபோல் ஏற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்த அரசு ஓர் எண் கொடுத்து, ஒரு வரி எழுதி வைத்தது. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகிய இத்தனையும் அந்த ஒரு வரியில் அடங்கும். தம் ஊரில் எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஏழைக் கூலியாள், ஊரை விட்டு வெளியேறிய அன்றுதான் முதன்முறையாக ஏட்டில் ஏறினான். நெட்டால் கப்பற் பட்டியல்கள் இன்று டர்பனிலுள்ள குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண நிலையத்தின் வாயிலாகக் கணினியில் தேடத்தக்கனவாக உள்ளன. மொரீசியசின் குடியேற்றப் பதிவுகள், அக்காலத்துப் புகைப்படங்களுடன், மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிஜிக்குச் சென்றோரின் அனுமதிச் சீட்டுகள் சுவா நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஆகவே அங்கிருந்து வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. சென்னை டிப்போவில் எழுதிய எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். ராயப்பன் ‘ரொயெப்பென்’ ஆனார். அருளப்பன் ‘அரூலபென்’ ஆனார். நெட்டாலில் கூலிப் பெற்றோருக்குப் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று பாரிஸ்டராகி, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ஜோசப் ரொயெப்பென் என்பாரின் பெயரைப் படிக்கும் எந்தத் தமிழ்க் கத்தோலிக்கரும், அதனுள் ஒளிந்திருக்கும் ராயப்பனை உடனே கண்டுகொள்வார். ஆனால் டர்பனிலே பிறந்து வளர்ந்த இளைஞருக்கு ராயப்பர் என்றால் இராயப்பராகிய பேதுரு என்பதும், சின்னப்பர் என்றால் பவுல் என்பதும், அருளப்பர் என்றால் யோவான் என்பதும், யாகப்பர் என்றால் யாக்கோபு என்பதும், ஞானப்பிரகாசியார் என்றால் அலோய்சியுஸ் என்பதும் தெரிய வழியில்லை. அங்கே தந்தையின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. சமயம் மாறி, மொழி மறந்து, உணவும் உடையும் மாறிய பின்னும், ஒரு குடும்பத்தின் பெயர் ‘சின்னாபென்’ என்றிருந்தால், அதைத் தந்த பாட்டன் பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற தமிழனே என்று கருதித் தேடலாம்.

பெயரைவிட ஊர் இன்னும் தொல்லை தருவது. திருச்செங்கோட்டை ஆங்கிலேயர் ‘டிரிச்சென்கோடு’ என்று எழுதினர். அதைத் திருச்சியென்றும் திருச்சூரென்றும் எண்ணி அலைந்தோரை நாம் கண்டிருக்கிறோம். சங்ககிரி அவர்கள் ஏட்டில் ‘சங்கரிதுர்க்’. ‘சேலம் ஜில்லா’ என்று எழுதியிருப்பதை இன்றைய சேலம் மாவட்டமென்று கொள்வதும் பிழை. அக்காலத்துச் சேலம் ஜில்லாவில் ஓசூரும் கிருட்டிணகிரியும் தருமபுரியும் திருப்பத்தூரும் அடங்கியிருந்தன. நாமக்கல்லோ 1910ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு, 1929இல்தான் சேலத்துக்குத் திரும்பியது. எனவே 1905இல் போன அண்ணனின் சீட்டில் சேலம் என்றும், 1912இல் போன தம்பியின் சீட்டில் திருச்சி என்றும் இருக்கலாம். இருவரும் ஒரே வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டவர்கள்தாம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். ஆள் நகராமலே ஊர் நகர்ந்த கதை இது.

நகர்ந்த ஊரையேனும் தேடிப் பிடிக்கலாம். மறைந்த ஊரை என் செய்வது? 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்காகக் காவிரிக்கரையிலிருந்த ஊர்கள் பல காலி செய்யப்பட்டு நீருள் மூழ்கின. கடுங்கோடையில் அணையின் நீர்மட்டம் தாழும்போது, பண்ணவாடியில் பழைய சிவன் கோவிலின் நந்தியும், அதன் அருகே நம் பழைய கிறிஸ்தவக் கோவிலின் இரட்டைக் கோபுரமும் நீருக்கு மேலே தோன்றுவதைக் காண மக்கள் திரண்டு வருவதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அந்தக் கோவிலின் நிழலில் வளர்ந்த ஒருவன் அணை கட்டுவதற்கு ஐம்பது ஆண்டு முன்னரே கப்பலேறியிருந்தால், அவனுடைய பேரன் வந்து காணக்கூடியது தண்ணீரையும், வறட்சி ஆண்டானால் அக்கோபுரத்தையுமே. அத்தகையோர், மூழ்கிய ஊரார் எங்கெங்கே குடியேறினர் என்பதை முதலில் அறிந்து, அந்தப் பங்குகளில் தேட வேண்டும்.

சாதி என்னும் கட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவர் பலருக்கு அக்கட்டத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று மட்டுமே எழுதப்பட்டது. சிலருக்குச் சாதிப் பெயரே எழுதப்பட்டது. வருவோருள் சிலர் ஊரைக் கேட்பதற்கு முன் சாதியைக் கேட்கின்றனர். உள்ளூராரும் வந்தவரை வரவேற்பதற்கு முன் அதையே ஆராய்கின்றனர். அக்கேள்விக்கு நாம் விடை சொல்வதில்லை. ஏட்டில் இருப்பதை மறைப்பதுமில்லை.

கங்காணியோடு போனவர்கள்

இலங்கைக்குச் சென்றவர்களின் நிலை முற்றிலும் வேறானது. அங்கே ஒப்பந்தமில்லை, கப்பற் பட்டியலில்லை, எண்ணுமில்லை. கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து, தன் உறவினருக்கும் அயலாருக்கும் முன்பணம் கொடுத்து, அவர்களைக் கூட்டமாக அழைத்துச் சென்றான். திருச்சிராப்பள்ளி மாவட்டமும் சேலம் மாவட்டமுமே இவ்வாறு தோட்டங்களுக்கு மிகுதியான ஆட்களை அனுப்பியவை. காப்பித் தோட்டக் காலத்தில், அதாவது 1870கள் வரை, அவர்கள் இராமநாதபுரக் கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை, கண்டி மலைகளுக்கு மீண்டும் நடந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டோர் மிகப் பலர். காப்பிச் செடியை நோய் அழித்த பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். ஆகவே பருவத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் அங்கேயே தங்கிவிட்டனர்.

அவர்கள் கையிலிருந்த ஒரே காகிதம் ‘துண்டு’. தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று குறித்த சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்கும் வேறு துரை வந்தாலன்றி அவன் தோட்டம் மாற இயலாது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதையே தடைசெய்தது. அதற்குள் பல இலட்சம் பேர் போயிருந்தனர். அவர்களுக்குத் தம் ஊர்ப் பெயர் தெரியும். பாட்டன் பெயர் தெரியும். தோட்டத்து லயத்தில் திருமணப் பேச்சு வரும்போதெல்லாம் அவை ஒப்பிக்கப்பட்டமையால் நினைவில் நின்றன. ஆனால் சான்று என்று காட்ட அரசாங்கத் தாள் எதுவுமில்லை. கத்தோலிக்கராயிருப்பின், இருக்கக்கூடிய ஒரே சான்று ஞானஸ்நானப் பதிவேடு.

ஓரக் குறிப்பு

நம் பழைய பதிவேடுகளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். சேலம் மேற்றிராசனம் 1930இல் நிறுவப்பெற்றது. அதற்கு முன் இப்பகுதி பெரும்பாலும் புதுவை மிசியோனுக்கு உட்பட்டிருந்தது. பணியாற்றிய குருக்கள் பாரீசு வேதபோதக சபையினர். அவர்கள் பதிவேடுகளை இலத்தீனில் எழுதினர். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு முறையில் எழுத்துக் கூட்டினர். உகர ஒலிக்குப் பிரெஞ்சுக் குரு ‘ஓ, யு’ என்னும் இரண்டெழுத்தை இட்டார். ஆங்கில எழுத்தர் இரட்டை ‘ஓ’வை இட்டார். சவரிமுத்து ஒருவரே, ஆயினும் கோவில் ஏட்டிலும் கப்பல் ஏட்டிலும் அவர் பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அயலார் இருவர்போல் தோன்றும். போதாக்குறைக்கு, சில குருக்கள் சூசையை ‘யோசேபுஸ்’ என்றும், தேவசகாயத்தை ‘லாசருஸ்’ என்றும் இலத்தீனிலேயே பெயர்த்தெழுதிவிட்டனர்.

பஞ்ச காலத்துப் பக்கங்கள் மிகவும் துயரமானவை. நாள்தோறும் பல பெயர்கள். மரணத் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றோர். பெற்றோர் அறியப்படாத குழந்தைகள். அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற வயது வந்தோருக்குப் புதுப் பெயரும் உண்டு, பழைய பெயரும் உண்டு. அவர்களுள் ஒருவர் பிழைத்தெழுந்து அடுத்த ஆண்டே கப்பலேறியிருந்தால், டிப்போவில் எந்தப் பெயரைச் சொன்னார் என்பதை யார் அறிவார்? பழைய பெயரையும் சேர்த்தே தேட வேண்டும்.

இந்த ஏடுகளில் தேடுவோர் பெரும்பாலும் பிள்ளையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் மட்டுமே பார்த்துவிட்டு, இல்லையென்று புத்தகத்தை மூடிவிடுகின்றனர். ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயர்களையும் பார்க்க வேண்டும். நம் வழக்கப்படி அவர்கள் பெரும்பாலும் தாய்மாமனும் அத்தையும் சிற்றப்பனுமாக இருப்பர். ஒரே ஞானத் தகப்பன் நான்கு வீட்டுப் பிள்ளைகளைத் தாங்கியிருந்தால், அந்த நான்கு வீடும் ஒரே குடும்பத்தின் கிளைகளோ என்று பார்ப்பது தகும். பிள்ளையைக் காணாத இடத்தில் அதன் அக்காளைக் காணலாம்.

இன்னொன்று, பலரும் அறியாதது. புனித பத்தாம் பத்திநாதர் 1907இல் வெளியிட்டு 1908ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தேமெரே’ என்னும் ஆணையின்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்துகொண்டாலும், அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும். அங்குள்ள குரு அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். 1917இலும் 1983இலும் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புகள் இரண்டும் இவ்விதியை உறுதிசெய்தன. ஒருவர் இருமுறை மணம் செய்வதைத் தடுப்பதற்காக எழுந்த விதி இது. ஆனால் கண்டிச் சீமைக்குப் போனவனைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நம் சமவெளிக் கோவில் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்ற பையன், இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தோட்டத்துப் பங்கொன்றில் ஓலை வாசிக்கப்பட்டு மணமுடித்திருந்தால், அந்தப் பங்கின் பெயரும் மணப்பெண்ணின் பெயரும் நாளும் இங்குள்ள ஏட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். மலைநாட்டுப் பங்குகளில் அக்காலத்தில் உழைத்தோருள் கண்டி மேற்றிராசனத்தின் சில்வெஸ்திரின் பெனடிக்டு சபைக் குருக்கள் முதன்மையானவர். எல்லாக் குருக்களும் ஒழுங்காக அறிவித்தனர் என்று சொல்ல மாட்டோம். தோட்டம் தோட்டமாக மலையேறிப் பூசை வைத்தவர்களுக்குக் கடிதம் எழுத நேரமிருந்ததா என்பது வேறு. ஆயினும் ஒரு பழைய புத்தகத்தை நாம் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, அத்தகைய குறிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டன கண்ணில் பட்டன. ஊரார் ‘போனவன் போனவன்தான்’ என்று விட்டுவிட்ட ஒருவன் மணமுடித்த நாளை, பதிவேட்டின் ஓரம் நூறாண்டாகச் சுமந்துகொண்டிருந்தது.

ஏட்டில் இல்லாதவர்கள்

இவ்வளவு நுணுகிப் பார்ப்பது எதற்காக என்று கேட்போர் உண்டு. அவர்கள் எஸ்றா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள் சிலர், தாங்கள் இஸ்ராயேல் மக்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்குத் தம் தந்தையர் வீட்டைக் காட்ட இயலாமல் நின்றனர். குருக்கள் சிலர் வம்ச அட்டவணையில் தம் பெயரைத் தேடிக் காணாமையால் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். திரும்பி வந்தும் உள்ளே வர இயலாத நிலை அது.

நம் காலத்தில் அது இலங்கையில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் அங்கேயே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினாலன்றிப் பிறப்புரிமை இல்லையென்றது. லயத்தில் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கே? இவ்வொரு கேள்வியால் பல இலட்சம் தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்துகொண்ட உடன்பாட்டில் அவர்கள் தொகை 9,75,000 என்று கணக்கிடப்பட்டது. இந்தியா 5,25,000 பேரையும், இலங்கை 3,00,000 பேரையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கிட்டனர். பொருளைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர் என்று அக்காலத்தில் பலரும் வருந்தினர். இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது.

ஆனால் உடன்பாட்டின்படி வராமல், கலவரத்துக்கு அஞ்சி அகதிகளாகத் தோணியேறி வந்த மலைநாட்டுத் தமிழரும் உளர். மறுவாழ்வு முகாம்களில் அவர்கள் இலங்கைத் தமிழரென்றே பதியப்பட்டுள்ளனர். அவர்களுடைய பூட்டனோ நாமக்கல் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவன்! 2019 ஜூனில், இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலித்து முடிவு கூற வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. வழக்குகளின் போக்கு எவ்வாறாயினும், ‘எம் முன்னோர் இந்த மண்ணினர்’ என்று சொல்லும் குடும்பத்துக்கு அதைக் காட்டும் தாள் ஒன்று வேண்டும். முகாமிலிருந்து வந்த ஒரு தாய் தம் பூட்டனாரின் பெயரையும், அவர் அக்காளின் பெயரையும், ஊர்க் கோவில் எந்தப் புனிதரின் பெயரால் அமைந்தது என்பதையும் ஒரு மூச்சில் சொன்னார். “எங்கள் அம்மாயி சொல்லிக் கொடுத்தது, சுவாமி” என்றார். பூட்டனார் பெயர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளின் தாள்களைக் கரையான் தின்றிருந்தது. அக்காளின் பெயர் இருந்தது. பெற்றோர் பெயரும் அவர் சொன்னவாறே இருந்தன. உரிய சான்றிதழை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதை அதிகாரிகள் எவ்வளவு மதிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

வாய் திறவாத வீடுகள்

ஏட்டைத் தின்பது கரையான். நினைவைத் தின்பது அச்சம். தேடி வந்தவர்களை ஊருக்குள் அழைத்துச் சென்றால், சில வீடுகளில் கதவு சாத்தப்படுவதைக் காண்கிறோம். “எங்கள் வகையறாவில் யாரும் போகவில்லை” என்பார்கள். அதே வீட்டுப் பெரியவர் போன மாதம்தான் நம்மிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். காரணம் நிலம். பங்கு கேட்டு வழக்குப் போடுவார்களோ என்னும் ஐயம். நூறாண்டுக்கு முன் விட்டுச் சென்ற காணிக்குப் பங்கு கேட்டு வந்தவர் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. அவர்கள் கேட்பது ஒரு பிடி மண்; அதுவும் டர்பனிலுள்ள கல்லறையில் தூவுவதற்கு. சிலர் கோவில் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் செல்வர்.

இன்னொரு காரணம் வெட்கம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று பிற்காலத்தில் விதி இருந்தமையால், ஆள்பிடிப்போர் பெண்களைத் தேடி அலைந்தனர். கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பட்டோரும், பஞ்சத்தில் எல்லாரையும் இழந்தோரும் தனியே கப்பலேறினர். அத்தகைய ஒருத்தியின் கொள்ளுப்பேரன் கையில் அவளைப் பற்றிய வரியோடு வந்தான். கைக்குழந்தையோடு தனியே சென்றவள். இங்குள்ள வீட்டாரின் கதையில் அவள் பஞ்சத்தில் இறந்துபோனவள். நெடுநேரம் மறுத்த பெரியவர் இறுதியில், “அவள் ஓடிப்போனாள் என்று தெரிந்தால் நம் வீட்டுப் பெண்களுக்கு வரன் வராது என்று என் பாட்டி சொல்லி வைத்திருந்தாள், சாமி” என்றார். அவள் ஓடிப்போனவளல்லள், தன் குழந்தை பிழைக்க வேண்டுமென்று போனவள். குழந்தையும் பிழைத்தது. அந்தக் குழந்தையின் வழிவந்தவனே எதிரில் நின்றுகொண்டிருந்தான். பெரியவர் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அன்று மாலை அந்த வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

எழுதிக் கேட்போருக்கு

வெளிநாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கடிதம் எழுதுவோர், ‘என் தாத்தா சேலத்துக்காரர், விவரம் அனுப்பவும்’ என்று மட்டும் எழுதினால் எந்தக் குருவாலும் உதவ இயலாது. முன்னோரின் பெயரை நீங்கள் அறிந்த எல்லா எழுத்துக் கூட்டல்களிலும் எழுதுங்கள். பதிவின் நகலை இணையுங்கள். தந்தை தாய் பெயரோடு, உடன்பிறந்தார் பெயர்களையும், தெரிந்தால் ஞானப் பெற்றோர் பெயர்களையும் குறியுங்கள். வீட்டில் எந்தப் புனிதரின் திருநாளைத் தலைமுறையாகக் கொண்டாடி வருகிறீர்கள் என்பதை மறவாமல் எழுதுங்கள். நெட்டாலிலே மொழியை இழந்த குடும்பங்கள்கூடத் திருநாளை இழக்கவில்லை. அந்தோணியார் கோவிலுக்கா, சவேரியார் கோவிலுக்கா, ஆரோக்கிய மாதா கோவிலுக்கா எழுதுவது என்பதை அதுவே சில வேளை காட்டிக்கொடுக்கும். டர்பனில் ஓ.எம்.ஐ. சபைத் துறவி சபோன் அடிகளார் முதலானோர் தோட்டத் தமிழரிடையே உழைத்த காலத்துக் கோவில் ஏடுகளையும் அங்கேயே முதலில் பார்த்துவிடுவது நல்லது. அங்கே பிறந்த மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தாய் தந்தையரின் ஊர் இருக்கக்கூடும்.

பங்கு தெரியாதோர் சேலம் ஆயர் இல்லத்துக்கு எழுதலாம். 1930க்கு முற்பட்ட செய்திகளுக்குப் புதுவை அதிமேற்றிராசனத்தையும் நாடலாம். பாரீசில் வேதபோதக சபையின் காப்பகத்தில் குருக்களின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் உள்ளன. அவற்றில் தனியாளின் பெயரைக் காண்பது அரிது, ஆனால் ஓர் ஊரில் எந்த ஆண்டு பஞ்சம், எந்த ஆண்டு கோவில் என்பதை அறியலாம்.

பதிவேட்டை வெளியே கொண்டுபோக விடுவதில்லை. முழுப் புத்தகத்தையும் படம் பிடிக்கவும் இசைவதில்லை. உயிரோடிருப்போரின் பதிவுகளும் அவற்றிலேயே இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. வேண்டிய பதிவுக்கு மட்டும் சான்றிதழ் தருவோம். பணம் அனுப்பத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எழுதுவோர் தை பிறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். மழையீரத்தில் பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அக்காலத்தில் அந்தப் புத்தகங்களை நாம் திறப்பதில்லை.